வெயில் படாத இலையும் உணவு சமைக்கும்

பயிருக்கு வெயில் வேண்டும் என்பதை உழவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. வரப்போரத்து வேம்பின் நிழல் விழும் இடத்தில் சோளம் மெலிந்து நின்று கதிர் சிறுத்துப்போவதை அவர் ஆண்டுதோறும் காண்கிறார். ஆனால், அதே உழவர் வெற்றிலைக் கொடிக்கால் வைப்பாராயின், கொடி நடுவதற்கு முன்பே அகத்தி விதைத்து நிழலை உண்டாக்குகிறார். ஒரு பயிருக்குப் பகையாகும் நிழல் மற்றொரு பயிருக்குத் துணையாவது எவ்வாறு? ஊராட்சி அலுவலகத்து மேசைமேல் கண்ணாடிக் குப்பியில் வைத்த மணிபிளான்ட் கொடி, வெயிலையே காணாமல் ஆண்டுக்கணக்கில் பச்சையாக இருப்பது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. தென்னந்தோப்பில் ஊடுபயிர் இடுவோருக்கும், சாலையோரம் மரக்கன்று நடும் ஊராட்சிகளுக்கும் அவ்விடை பணத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்த வல்லது. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே இங்கு ஆராய்வோம்.

இலை செய்யும் வேலை

செடி தன் உடம்பைக் கட்டுவதற்கு வேண்டிய பொருளில் பெரும்பகுதியை மண்ணிலிருந்து எடுப்பதில்லை, காற்றிலிருந்தே எடுக்கிறது. இலையிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியே கரியமிலவாயு உள்ளே செல்கிறது. வேர் உறிஞ்சிய நீர் நரம்புகளின் வழியே வந்து சேருகிறது. இலையின் பச்சையம் ஒளியைப் பற்றி, அதன் ஆற்றலால் நீரைப் பிளக்கிறது. அப்போது பிராணவாயு வெளியேறுகிறது. எஞ்சிய ஆற்றலைக் கொண்டு இலை கரியமிலவாயுவைச் சர்க்கரையாக மாற்றுகிறது. அச்சர்க்கரையே பின்னர் மாவாகவும், நாராகவும், மரமாகவும், மணியாகவும் உருவெடுக்கிறது. இதனையே ஒளிச்சேர்க்கை என்கிறோம்.

இந்த உண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் 1771ஆம் ஆண்டில், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த ஜாடிக்குள் புதினாச் செடியை வைத்தார். சில நாட்களுக்குப் பின் அந்தக் காற்றில் மீண்டும் மெழுகுவர்த்தி எரிவதைக் கண்டார். கெட்ட காற்றைச் செடி திருத்துகிறது என்பது தெரிந்தது. எப்போது, எதனால் திருத்துகிறது என்பது விளங்கவில்லை. 1779இல் ஹாலந்து நாட்டு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் என்பவர், செடியின் பச்சையான பாகங்களே இவ்வேலையைச் செய்கின்றன என்றும், ஒளி படும்போது மட்டுமே செய்கின்றன என்றும் மெய்ப்பித்தார். அவர் கண்ட உண்மையில் ஒரு சொல்லை நாம் கவனிக்க வேண்டும். வேண்டியது ஒளி, வெயில்தான் வேண்டும் என்பதில்லை.

வெயில் என்பது சூரியனிலிருந்து நேராக வந்து விழும் ஒளி. அவ்வொளியில் ஒரு பகுதி காற்றிலும் மேகத்திலும் பட்டுச் சிதறி வானம் முழுவதிலிருந்தும் நம்மை வந்தடைகிறது. வெண்சுவரிலும் மணலிலும் பட்டுத் திரும்பும் ஒளியும் அதனுடன் சேருகிறது. மேகம் மூடிய நாளிலும் நாம் படிக்க முடிவது இந்தச் சிதறிய ஒளியால்தான். பச்சையத்துக்கு இவ்விரு ஒளியிலும் வேற்றுமை இல்லை. மின்விளக்கின் ஒளியும் அதற்கு ஒளியே. வேற்றுமையெல்லாம் அளவில்தான் இருக்கிறது.

ஒளியின் அளவை லக்ஸ் என்னும் அலகால் குறிப்பது வழக்கம். நமது நாட்டில் தெளிந்த நாளின் உச்சிவெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். திறந்தவெளியில் கட்டடத்தின் நிழலில் நின்றால் சுமார் 10,000 லக்ஸ் கிடைக்கலாம். சாளரத்தை ஒட்டிய இடத்தில், வெயில் உள்ளே விழாதபோது, 1,000 முதல் 3,000 வரை இருக்கும். அறையின் நடுவில் 100 முதல் 300 வரையே இருக்கும். முழுநிலவின் ஒளி 1 லக்ஸுக்கும் குறைவு. அறையின் நடுப்பகுதி திறந்தவெளியைவிட முந்நூறு மடங்குக்கு மேல் இருண்டிருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். நமது கண் தன் பாவையை விரித்தும் சுருக்கியும், பார்வை நரம்பின் கூர்மையைக் கூட்டியும் குறைத்தும் அந்த வேற்றுமையை மறைத்துவிடுகிறது. 'இங்கே வெளிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது?' என்று நாம் சொல்லும் இடத்தில் துளசி மெலிந்து மடிவது இதனால்தான்.

வரவும் செலவும்

செடி ஒளியில் உணவு சமைக்கிறது. இரவும் பகலும் மூச்சு விடுகிறது. சமைப்பது வரவு, மூச்சு விடுவது செலவு. மூச்சு விடும்போது செடி தான் சேர்த்த சர்க்கரையை எரித்து, கரியமிலவாயுவை வெளியிடுகிறது. ஒளி குறையக் குறைய வரவு குறைகிறது, செலவோ நிற்பதில்லை. ஒளி ஓர் அளவுக்கு இறங்கியதும் வரவும் செலவும் சமமாகிவிடும். அந்த அளவுக்குக் கீழே செடி முதலைத் தின்னத் தொடங்குகிறது. முதலில் அடியிலைகள் மஞ்சளாகி உதிரும். பின்னர்த் தண்டு மெலியும். வேரிலும் கிழங்கிலும் சேமித்தது தீர்ந்ததும் செடி மடியும். சேமிப்பு மிகுந்த செடி பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும் ஆதலால், அது நலமாக இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

இந்தச் சமநிலை எல்லாச் செடிக்கும் ஒன்றன்று. வெயிலில் வளரும் பயிர்களின் இலைக்கு உச்சிவெயிலில் நூற்றில் ஒரு பங்கோ அரைப் பங்கோ கிடைத்தால்தான் வரவும் செலவும் சமமாகும். காட்டின் அடித்தளத்தில் வளரப் பழகிய செடிகளுக்கோ அதில் பல மடங்கு குறைந்த ஒளியே போதும். அவை கொஞ்சமாகச் சமைக்கின்றன. அதைவிடக் குறைவாகச் செலவிடுகின்றன. மெதுவாக வளர்வதே அவற்றின் சிக்கனம்.

மேல் எல்லையும் ஒன்று உண்டு. ஒளி கூடிக்கொண்டே போனால் சமையலும் கூடிக்கொண்டே போகும் என்பதில்லை. காற்றில் 10,000 பங்குக்கு 4 பங்குக்குச் சற்று மேலாகவே கரியமிலவாயு இருக்கிறது. அதனை இழுத்துச் சர்க்கரையாக்கும் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆட்டுக்கல்லில் ஓர் அளவுக்கு மேல் அரிசியை அள்ளிப் போட்டால் மாவு விரைவில் வருவதில்லை அன்றோ? நெல்லின் தனி இலை ஒன்று உச்சிவெயிலில் பாதியளவு கிடைத்தாலே ஏறத்தாழத் தன் முழுவேகத்தை அடைந்துவிடும். நிழற்செடியின் இலைக்கு நூற்றில் ஐந்து முதல் பத்துப் பங்கே போதும். சோளம், மக்காச்சோளம், கம்பு, கரும்பு ஆகியவை வேறு வகை. கரியமிலவாயுவை இலைக்குள்ளே திரட்டி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அவற்றுக்கு உண்டு. ஆதலால் உச்சிவெயில் வரையிலும் அவற்றின் சமையல் கூடிக்கொண்டே செல்கிறது. வேம்பின் நிழலில் சோளம் அவ்வளவு நலிவதன் காரணம் இப்போது விளங்கும். இத்தகைய பயிர்களை நிழலில் இடுவதைப் போன்ற நட்டம் வேறில்லை.

தனி இலைக்குப் பாதி வெயில் போதும் என்பதால் நெல் வயலுக்கும் பாதி வெயில் போதும் என்று கொள்ளலாகாது. வயலில் மேலிலை கீழிலையை மறைக்கிறது. மேலே மிஞ்சும் ஒளி கீழே இறங்கி அடியிலைகளுக்குப் பயன்படுகிறது. ஆதலின் நெருங்கி நிற்கும் பயிருக்கு முழுவெயிலும் வேண்டியதே.

நிழலில் உள்ள இலையும் மாவு சமைப்பதை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே மாணவர்களுக்குக் காட்டலாம். தொட்டிச் செம்பருத்தி ஒன்றை இரண்டு நாள் இருட்டறையில் வைத்தால் இலையிலுள்ள மாவு தீர்ந்துவிடும். பின்னர் ஓர் இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் இருபுறமும் மூடி, செடியை வெயில் படாத, வெளிச்சமான தாழ்வாரத்தில் ஒரு பகல் முழுதும் வைக்கவேண்டும். மாலையில் அந்த இலையைப் பறித்துக் கொதிநீரில் இட்டு, பிறகு சாராயத்தில் ஊறவைத்துப் பச்சையை நீக்கி, அயோடின் கரைசலில் தோய்த்தால், ஒளி பட்ட பகுதி கருநீலமாகும். மூடிய பகுதி பழுப்பாகவே இருக்கும். சாராயத்தை நேராக அடுப்பில் வைத்தல் ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே சூடாக்க வேண்டும்.

நிழலில் பிறந்த இலை

வெற்றிலைக் கொடிக்காலுக்கு வருவோம். கும்பகோணத்திலும், சோழவந்தானிலும், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆத்தூரிலும் கொடிக்கால் வைப்போர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது தாவர நூலின் நுட்பமான பாடம் ஒன்று என்றே நாம் கருதுகிறோம். பாத்திகளில் முதலில் அகத்தி விதைத்து, அது உயர்ந்த பிறகே வெற்றிலைக் கொடியை நட்டு, அகத்தியின் மேல் ஏற்றி வாழைநாராலோ கோரையாலோ கட்டுகிறார்கள். அகத்தியின் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருப்பதால் ஒளி சல்லடையில் விழுவதுபோல் விழுகிறது. காற்றில் இலை அசையும்தோறும் வெயில் துணுக்குகள் வெற்றிலையின் மேல் விழுந்து நகர்கின்றன. ஒரு துணுக்கு சில நொடிகளே ஓர் இடத்தில் நிற்கும். அந்தச் சில நொடிகளுக்குள்ளேயே இலை அதனைப் பற்றிப் பயன்படுத்திக்கொள்ளும். அடர்ந்த காட்டின் அடித்தளத்தில் செடிகள் பெறும் ஒளியில் பெரும்பங்கு இத்தகைய துணுக்குகளாகவே வருவதுண்டு. புளியமரத்தைப் போலக் கனத்த நிழல் தரும் மரம் கொடிக்காலுக்கு உதவாது, அகத்தியே உதவும். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதும், கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாவதும் கூடுதல் இலாபங்கள்.

நிழலில் விரியும் வெற்றிலை அகன்று, மெல்லிதாய், கரும்பச்சையாய் இருக்கும். வெயிலில் விரிவது சிறுத்து, தடித்து, மஞ்சள் பாய்ந்து காரமாக இருக்கும். அகன்றால் ஒளி பிடிக்கும் பரப்பு மிகுகிறது. மெல்லிதானால் இலையைக் கட்டும் செலவும் காக்கும் செலவும் குறைகின்றன. பச்சையம் எடைக்கு எடை மிகுதியாக இருப்பதால் வரும் ஒளி வீணாவதில்லை. கொழுந்துவிடும் பருவத்தில் எந்த ஒளி கிடைக்கிறதோ அதற்கேற்பவே இலை கட்டப்படுகிறது. ஒருமுறை கட்டி முடிந்த இலையைப் பின்னர் மாற்றியமைப்பது பெரும்பாலும் இயலாது. புதிய ஒளிக்கு ஏற்ற இலை வேண்டுமாயின் புதிதாகவே விட வேண்டும். இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதனை மட்டும் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

அகத்தியைக் கழிப்பதில்தான் கொடிக்கால்காரரின் திறமை இருக்கிறது. கோடையில் நிழலைக் கூட்டி வைப்பதும், மழைக்காலத்தில் கிளை கழித்து ஒளியையும் காற்றையும் உள்ளே விடுவதும் காரணத்தோடு செய்பவை. மேகமூட்டத்தின்போது அடர்ந்த நிழல் நின்றால் கொடிக்கு வரவு குறைவது மட்டுமன்று. ஈரம் காயாமல் அழுகல் நோய்களும் புகும். கோடையில் திடீரெனக் கிளைகளை வெட்டிவிட்டாலோ, நிழலுக்கென்று கட்டப்பட்ட மெல்லிய இலைகள் தாங்கள் பயன்படுத்த முடியாத ஒளியை ஒருங்கே பெற்றுவிடும். அந்த மிகை ஒளி பச்சையத்தையே சிதைக்கும். இலை வெளிறி, ஓரம் கருகும். இதைச் சிலர் நோயெனக் கொண்டு மருந்து தெளிக்கிறார்கள், மருந்தால் ஆவதொன்றுமில்லை.

சுவரின் நிழலும் மரத்தின் நிழலும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம். பச்சையம் ஒளியிலுள்ள சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உறிஞ்சிக்கொள்கிறது. ஆதலால் இலைகளின் ஊடே இறங்கிவரும் ஒளி அளவில் குறைந்ததோடு தரத்திலும் குறைந்தது. சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் கதிர் அதில் மிகுந்திருக்கும். இளஞ்செடி அதனை உணர்ந்து, 'மேலே வேறு செடி இருக்கிறது' என்று அறிந்ததுபோல, விரைந்து நீண்டு வளர்கிறது. அடர்த்தியாக விதைத்த நாற்றங்காலில் நாற்று நெடுநெடுவென்று மெலிந்து வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். சுவர் நிழலில் ஒளியின் அளவு குறைந்தாலும், திறந்த வானத்திலிருந்து வரும் எல்லா நிறமும் செடிக்குக் கிடைக்கிறது. ஆதலின் மரத்தடியைவிட வீட்டின் முற்றத்து நிழல் செடிக்கு உகந்தது.

தென்னந்தோப்பின் நிழல்

தென்னையை 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 70 மரங்கள் நிற்கும். மரத்தின் உணவை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து 6 அடி வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வட்டங்களுக்கு இடையே உள்ள நிலம் பெரும்பாலும் வெறுமையே. அந்நிலத்தில் எதை இடுவது என்பதைப் பெரும்பாலோர் சந்தை விலையைக் கேட்டு முடிவு செய்கிறார்கள். தோப்பின் வயதைக் கேட்டு முடிவு செய்வதே முறை.

நட்ட ஏழெட்டு ஆண்டுகள் வரை தோப்பில் வெயிலுக்குக் குறைவில்லை. அக்காலத்தில் நிலக்கடலை, எள், காய்கறி முதலியவற்றைத் தாராளமாக இடலாம். அதன் பின்னர் மட்டைகள் ஒன்றோடொன்று கலந்து, மரமும் உயரமாக வளராத நிலையில், நிழல் மிகக் கனத்துவிடும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வரை நீளும் இந்த நடுப்பருவத்தில் தரைக்கு வரும் ஒளி ஐந்தில் ஒரு பங்கு அளவே. இப்பருவத்தில் பசுந்தாள் உரப்பயிர்களையும் தீவனப் புல்லையும் இடுவதே நலம். பணப்பயிருக்கு முதலிட்டுக் காத்திருப்பது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். மரம் மேலும் உயர்ந்த பின், ஒளி சாய்வாக உள்ளே நுழைந்து, நாற்பது ஆண்டுத் தோப்பில் ஏறத்தாழப் பாதி வரை தரையை எட்டும். மஞ்சள், இஞ்சி, சேனைக்கிழங்கு, வாழை, அன்னாசி, மிளகு, கோக்கோ, ஜாதிக்காய் ஆகியவற்றின் காலம் அதுவே. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் கோக்கோவும் ஜாதிக்காயும் தென்னைக்கு இடையே நன்கு வளர்கின்றன. 1916ஆம் ஆண்டில் தென்னை ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கிய காசர்கோட்டு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நெடுங்காலம் ஆய்ந்திருக்கிறது.

நிழலுக்கேற்ற பயிரைத் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. அது பிறந்த இடம் எதுவென்று கேட்பதே. கோக்கோ தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில் பெருமரங்களின் கீழ் வளர்ந்த மரம். ஏர்க்காட்டிலும் கீழ்ப்பழனி மலையிலும் நாம் காணும் காப்பிச் செடி எத்தியோப்பியக் காடுகளின் நிழலில் பிறந்தது. மிளகும் ஏலமும் நமது மேற்குத்தொடர்ச்சி மலையின் காட்டுச் செல்வங்கள். திறந்த புல்வெளியிலும் சமவெளியிலும் பிறந்த பயிர்களோ நிழலை வெறுக்கும்.

ஒளி இருந்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. ஊடுபயிருக்குத் தனியே நீரும் எருவும் தர வேண்டும். தென்னைக்கே நீர் பற்றாத தோப்பில் ஊடுபயிர் வைத்தால் இரண்டும் கெடும். 'தென்னைக்கு விட்ட நீரில் மஞ்சளும் விளையும்' என்று எவரேனும் சொல்வாராயின், அவர் கிணற்றின் ஆழத்தை முதலில் கேட்டறிவது நல்லது.

கூடமும் அலுவலகமும்

வீட்டுக்குள் வைக்கும் செடிகளுக்கும் இந்தக் கணக்கே பொருந்தும். மணிபிளான்ட் பசிபிக் பெருங்கடலிலுள்ள மூரியா என்னும் தீவைச் சேர்ந்த காட்டுக்கொடி. மரத்தடியில் பிறந்து, மரத்தின் மேல் ஏறி, உயர்ந்த இடத்தில் ஒளி பெற்றதும் பெரிய இலைகளை விடுவது அதன் இயல்பு. அறைக்குள்ளே அது காட்டின் அடித்தளத்தில் இருப்பதாகவே வாழ்கிறது; ஆதலால் இலை சிறுத்தே இருக்கும். இலையில் உள்ள மஞ்சள், வெள்ளைத் திட்டுகளில் பச்சையம் குறைவு. ஒளி குறைந்த இடத்தில் புதிதாக வரும் இலைகளில் அத்திட்டுகள் மறைந்து பச்சையே மிகுவதைப் பலரும் கண்டிருக்கலாம்.

ஊராட்சி அலுவலக மேசைக்குக் குழல்விளக்கால் 300 லக்ஸ் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது உச்சிவெயிலில் ஆயிரத்தில் மூன்று பங்கு. நிழற்செடிக்கு வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாகும் நிலை அது. விளக்கு எட்டு மணி நேரம் எரிகிறது. பதினாறு மணி நேரம் அணைந்திருக்கிறது. விடுமுறை நாட்களில் எரிவதே இல்லை. இக்கணக்கில் மணிபிளான்ட் உயிர் தரித்திருக்கும், வளர்வது அரிது. அதனையே சாளரத்தருகே நகர்த்தினால் வரவு பல மடங்கு பெருகும். சாளரத்திலிருந்து விலகும்தோறும் ஒளி மிக விரைவாகக் குறைவதால், இரண்டடி தள்ளி வைப்பதற்கும் பத்தடி தள்ளி வைப்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. கொசுவலைக் கம்பியும், இலையின் மேல் படியும் தூசியும்கூட ஒளியைக் குறைப்பன. ஈரத்துணியால் மாதம் இருமுறை இலையைத் துடைப்பது வீண் வேலையன்று.

மேனாட்டு நூல்களைப் பார்த்துத் திசை தேர்ந்தெடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை. 'வடக்குச் சாளரத்தில் வெயிலே விழாது. தெற்குச் சாளரமே வெளிச்சம் மிக்கது' என்று அந்நூல்கள் கூறும். இலண்டனுக்கு அது மெய். சென்னையிலோ ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, பின்னர் வடக்கே சாய்ந்து, ஆகஸ்டு நடுவில்தான் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே செல்கிறது. கன்னியாகுமரியில் இக்காலம் ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நீள்கிறது. ஆதலின் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் நமது வடக்குத் தாழ்வாரத்துக்குத்தான் வெயில் வரும். மார்கழி, தை மாதங்களில் தெற்குப்புறத்துக்கு வரும். கிழக்குச் சாளரம் ஆண்டு முழுதும் இளவெயில் தருவதால் நிழற்செடிகளுக்கு ஏற்றது. மேற்குச் சாளரத்தின் பிற்பகல் வெயில் சூடு மிக்கது. அங்கே திரை வேண்டும்.

ஓர் இடத்தின் ஒளியை அளக்கக் கருவி இல்லையென்று கவலை வேண்டா. நண்பகலில் அவ்விடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் பிரிந்து தெரியும்படி நிழல் கூர்மையாக விழுந்தால் அங்கே ஒளி மிகுதி. உருவம் தெரிந்து ஓரம் மங்கினால் நடுத்தரம். நிழற்செடிகள் நன்றாக வளரும். நிழல் விழுவதே ஐயமாக இருந்தால் எந்தச் செடியும் அங்கே நெடுநாள் நில்லாது. காகிதப் பூவை வைத்துக்கொள்வது உத்தமம். கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலிகளும் உள்ளன. தோராயமாகத் தெரிந்துகொள்ள அவை போதும்.

வீட்டுச் செடிகள் பல மடிவது வெளிச்சக் குறைவால் அன்று. வெளிச்சம் குறைந்த இடத்தில் வெயிலிடத்துக்குரிய நீரை ஊற்றுவதால். குறைவாகச் சமைக்கும் செடி குறைவாகவே நீர் குடிக்கிறது. மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பின்னரே நீர் விட வேண்டும். இல்லையேல் வேர் மூச்சடைத்து அழுகும்.

இரவில் அறையில் செடி இருந்தால் ஆபத்து என்றொரு அச்சம் சிலரிடம் உண்டு. இருட்டில் செடி கரியமிலவாயு விடுவது உண்மையே. ஆனால் ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடும் கரியமிலவாயு ஏறத்தாழ ஒரு கிலோ. ஒரு தொட்டிச் செடி ஓர் இரவில் விடுவது அதனோடு ஒப்பிட மிக அற்பம். இதற்கு நேர்மாறாக, நான்கு தொட்டிகள் வைத்தால் அறைக்காற்று தூய்மையாகும் என்று விற்பனையாளர்கள் கூறுவதையும் அப்படியே ஏற்கவேண்டா. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வு, மூடிய சிறு பெட்டிகளில் செய்யப்பட்டது. சாதாரண அறைகளில் சாளரத்தின் வழியே புகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதற்காகச் செடி வைப்போம். காற்றுக்குச் சாளரத்தைத் திறப்போம்.

மரக்கன்றுகளின் கதி

ஊராட்சிகளின் பொதுப்பணம் செலவாகும் இடம் ஒன்று எஞ்சியிருக்கிறது. நாற்றுப்பண்ணைகளில் மரக்கன்றுகளை நிழல்வலையின் கீழோ மரநிழலிலோ வளர்க்கிறோம். முளைக்கும் பருவத்தில் அது தேவையே. ஆனால் பாலிதீன் பையில் பல மாதங்கள் நிழலிலேயே நின்ற வேம்பும் புங்கமும், நிழலுக்கென்று கட்டப்பட்ட மெல்லிய இலைகளையே தாங்கியிருக்கின்றன. அவற்றை ஒரு நாள் காலையில் வண்டியில் ஏற்றி, தார்ச்சாலையின் ஓரத்தில், முழுவெயிலில் நட்டுவிட்டால் என்ன நேரும் என்பதைக் கொடிக்கால்காரர் நன்கறிவார். ஒரு வாரத்தில் இலை வெளிறிக் கருகும். வேரோ இன்னும் புதுமண்ணில் ஊன்றவில்லை. 'தண்ணீர் ஊற்றவில்லை' என்று காவலாளியைக் குறை கூறுகிறோம். ஊற்றியிருப்பார்; இலை தாங்கவில்லை.

ஆகவே நடுவதற்கு முன் இரண்டு மூன்று வாரங்கள் கன்றுகளைப் படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். முதல் வாரம் காலைவெயில் மட்டும் படும்படியும், அடுத்த வாரம் பிற்பகலிலும் சிறிது நேரம் படும்படியும் வைத்து, கடைசியில் முழு நாளும் வெட்டவெளியில் விட வேண்டும். இதற்கிடையே வெயிலுக்கேற்ற புதிய கொழுந்துகள் விரிந்திருக்கும். தடித்துச் சிறிதாக இருக்கும் அக்கொழுந்துகளே கன்று பக்குவமாயிற்று என்பதற்கு அடையாளம். பண்ணையிலிருந்து கன்று வாங்கும்போது, உயரத்தைப் பார்த்து மயங்காமல், தண்டு பருமனையும் நுனியிலைகளையும் பார்த்து எடுக்க வேண்டும். நெடுநெடுவென்ற கன்று பெரும்பாலும் நெருக்கத்திலும் நிழலிலும் வளர்ந்ததே. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில், மாலை வேளையில் நடுவது நல்லது. மழை தவறினால், தென்னங்கன்றுக்குச் செய்வதுபோல, ஒவ்வொரு கன்றின் மேற்குப்புறத்திலும் பனையோலையோ தென்னங்கீற்றோ சாய்த்துக் கட்டி, புதிய இலைகள் இரண்டு மூன்று விட்ட பிறகு அதனை எடுத்துவிடலாம்.